தோல் புற்றுநோய்: தமிழ்நாட்டில் அறிதலும் மருத்துவமும்

தோலின் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் வரும் நோய்களுக்குத் தோல் புற்றுநோய் என்று பொதுப்பெயர். அடித்தள செல் புற்று, செதிள் செல் புற்று, மெலனோமா ஆகிய மூன்றும் முக்கிய வகைகள். முதல் இரண்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே அரித்துக்கொண்டு வளரும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் செல்களில் தொடங்கும் மெலனோமா எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நிணநீர்க் கழலை, நுரையீரல், மூளை என்று வேகமாகப் பரவும்.

ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் இலட்சம் பேரில் முப்பதுக்கு மேற்பட்டோருக்கு மெலனோமா வருகிறது. இந்தியாவில் இது இலட்சத்துக்கு ஒருவருக்கும் குறைவு. கறுத்த தோலில் உள்ள மெலனின் வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதே காரணம். வெயிலை முதல் குற்றவாளியாக வைத்து எழுதப்பட்ட மேலைநாட்டுப் பாடநூல்கள் அதனால் நமக்குப் பாதிதான் பொருந்தும். இங்கே தோல் புற்று பலமுறை வருவது யாரும் பார்க்காத இடத்தில்: உள்ளங்கால், நகத்தடி, இடுப்பு மடிப்பு, பழைய தழும்பு.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில் உள்ள கீழச்சிவல்பட்டி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் கருவேல முள் குத்தாத காலே கிடையாது. குதிகாலில் கறுப்பாக ஒன்று தெரிந்தால் முள் உள்ளே தங்கிவிட்டது என்பார்கள், இல்லையேல் கால் ஆணி என்பார்கள், எருக்கம்பால் வைப்பார்கள். நகத்தடி கறுத்தால் நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்வார்கள். சர்க்கரை நோய் உள்ளவரின் காலில் புண் வந்தால் அது சர்க்கரைப் புண்ணாகத்தான் இருக்கும் என்று வீட்டாரோடு சில வேளை மருத்துவரும் முடிவு கட்டிவிடுகிறார். பெரும்பாலும் இந்த ஊகங்கள் சரியாகவே இருப்பதுதான் சிக்கல். தவறும் ஒன்றில் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியில் வரும் மெலனோமாவுக்கு அக்ரல் மெலனோமா என்று பெயர். ஜமைக்கப் பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்ததும் கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய இதே நோயால்தான். உள்ளங்காலில் நடக்கும்போது அழுத்தம் அதிகம் விழும் பகுதிகளில் இது கூடுதலாக வருவதாக ஜப்பானிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதை மச்சத்திலிருந்து பிரித்தறியும் நுட்பமும் ஜப்பானில் இருந்து வந்தது. உள்ளங்காலிலும் கைரேகை போல வரிவரியாக மேடும் பள்ளமும் உண்டு. டெர்மாஸ்கோப் என்னும் விளக்கு பொருத்திய உருப்பெருக்கியைத் தோலில் வைத்துப் பார்த்தால், சாதாரண மச்சத்தின் நிறம் பள்ளத்தில் கோடுகோடாக ஓடும். மெலனோமாவின் நிறம் மேட்டில் பட்டையாகப் படியும். மேடு எது, பள்ளம் எது என்று குழம்பவும் வேண்டாம். வியர்வைத் துளைகள் மேட்டின் மேல்தான் திறக்கின்றன; வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும் வரி மேடு. நகத்தில் கறுப்புக் கோடு இருந்து, அந்தக் கறுப்பு நகத்தைத் தாண்டிச் சதைக்கும் பரவியிருந்தால் அது இன்னொரு எச்சரிக்கை. லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் பெயரால் அந்த அறிகுறி வழங்குகிறது.

இந்திய ஆராய்ச்சியின் தனிப் பங்களிப்பு இடுப்பில் வரும் புற்றைப் பற்றியது. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் வி. ஆர். கனோல்கரும் பி. சூர்யாபாயும் 1945இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தியப் பழக்கவழக்கங்களோடு ஒட்டிய மூன்று புற்றுகளை விவரித்தார்கள். அவற்றுள் ஒன்று வேட்டிப் புற்று. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டும் துணி தோலை உரச, வியர்வையும் அழுக்கும் சேர, தோல் முதலில் நிறம் மாறித் தடிக்கிறது. பிறகு ஆறாத புண்ணாகிச் செதிள் செல் புற்றாக முடிகிறது. பெண்களிடம் உள்பாவாடை நாடா பதியும் இடத்தில் வருவதைப் பின்னாளில் சேலைப் புற்று என்றார்கள். பெயரில் சேலை இருந்தாலும் வேலையைச் செய்வது நாடாதான். அகலப் பட்டையாகக் கட்டுவதும், முடிச்சின் இடத்தை மாற்றுவதும் எளிய தடுப்பு. காஷ்மீரில் குளிருக்காக அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்ற தணல் சட்டியின் சூட்டால் வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்று இதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவானது.

அடுப்படித் தீக்காயத் தழும்பும் கவனிக்க வேண்டியது. முப்பது ஆண்டு கழித்துக்கூட அதில் புண் வெடித்துப் புற்றாகலாம். இதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். வெயிலே புற்றைத் தூண்டும் அரிய நோயும் நம்மிடம் உண்டு. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பிறவிக் குறையில், புறஊதாக் கதிரால் சிதைந்த டிஎன்ஏவைச் செல்லால் சரிசெய்ய முடிவதில்லை. செல்லின் இந்த இயலாமையை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே மணமுடிக்கும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு கூடுகிறது.

எந்த ஐயமானாலும் முடிவு சொல்வது சதைப் பரிசோதனையே. ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. அதற்கு ஆதாரமில்லை, கெடுதல்தான் நிறைய. மெலனோமா என்று உறுதியானால், அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளப்பார்கள். அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் சொன்ன இந்த அளவுதான் நோயின் போக்கை முன்கூட்டிக் காட்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு வெட்டி எடுத்தால் பெரும்பாலும் போதும். இரண்டைத் தாண்டினால் இரண்டு சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும். காலில் வந்த மெலனோமா என்றால், அது முதலில் பரவக்கூடிய, இடுப்புக் கவட்டில் உள்ள காவல் நிணநீர்க் கழலையையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

கீழச்சிவல்பட்டிக்காரருக்கு இதற்கான இடங்கள் முன்பைவிடக் கிட்ட வந்துள்ளன. சிவகங்கையில் 2012இலும் புதுக்கோட்டையில் 2017இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன, அதற்குமுன் மதுரைதான். மேல்சிகிச்சைக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து முயன்று 1954இல் 12 படுக்கைகளோடு நிறுவியது அது.

பரவிய மெலனோமாவுக்கு 2011 வரை சொல்லிக்கொள்ளும்படி மருந்தில்லை. அந்த ஆண்டு அமெரிக்காவில் இபிலிமுமாபும், பிராஃப் மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் வெமுராஃபெனிபும் ஒப்புதல் பெற்றன. 2014இல் பெம்ப்ரோலிசுமாபும் நிவோலுமாபும் வந்தன. வெமுராஃபெனிப் தவிர மற்ற மூன்றும் நோய் எதிர்ப்பணுக்களின் மீதுள்ள தடையை நீக்குபவை. இவ்வகை மருந்துக்கு அடிப்படை கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உள்ளங்கால் மெலனோமாவில் பிராஃப் மாற்றம் குறைவு. எதிர்ப்பாற்றல் மருந்துக்கும் அது வெயிலால் வரும் வகையைப் போல் இணங்குவதில்லை. விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது.

கணினி கொண்டு நோயறிவதிலும் வெள்ளைத் தோலை ஒட்டிய இதே சாய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் சுமார் 1,29,000 படங்களைக் காட்டிப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு, தோல் மருத்துவர்களுக்கு நிகராகப் புற்றை இனங்கண்டது. இத்தகைய கருவிகள் பழகும் படங்களில் பெரும்பகுதி வெள்ளைத் தோல். கறுத்த தோலில் அவை கூடுதலாகத் தவறுகின்றன என்று 2022இல் வெளியான ஒப்பீடு காட்டியது. நம் மருத்துவமனைகளில் எடுக்கும் உள்ளங்கால் படங்களும் அந்தத் தொகுப்பில் சேரும்வரை, குளித்துவிட்டுக் காலைத் துடைக்கும்போது பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதே கைக்கெட்டிய பரிசோதனை.