காத்திருக்கப் போவது யார்?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல, ஆபீஸ்ல ஆணி அதிகம். சரி, இந்தத் தடவை ஆணியைப் பத்தியே எழுதிடுவோம். பொட்டி தட்டாத மக்களும் பயப்படாம படிக்கலாம்.

காலேஜ்ல 'ரீடர்ஸ் ரைட்டர்ஸ் ப்ராப்ளம்'னு ஒரு 16 மார்க் கேள்வி உண்டு. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்த கோஷ்டிதான் நானும். மேட்டர் இதுதான்: ஒரே தகவலை எத்தனை பேர் வேணும்னாலும் ஒண்ணா படிக்கலாம், ஆனா மாத்தி எழுதுறவர் தனியா இருக்கணும். கோயில்ல எல்லாரும் சேர்ந்து சாமி கும்பிடலாம், அலங்காரம்னா குருக்கள் திரை போடணும் இல்லையா, அது மாதிரி.

1965ல் நெதர்லாந்தைச் சேர்ந்த டைக்ஸ்ட்ரா, பல ப்ராசஸ்கள் போட்டி போட்டாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே உள்ளே போகும்படி செய்வது எப்படி என்று காட்டினார். அதில் படிக்க வந்தவன், எழுத வந்தவன் என்ற பேதம் கிடையாது. படிக்க வந்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் தொந்தரவே இல்லாதபோதும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

1971 அக்டோபரில் கூர்த்வா, ஹெய்மான்ஸ், பர்னாஸ் மூணு பேரும் சேர்ந்து ரெண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டார்கள். அதன் அழகே, ஒரு கேள்விக்கு ரெண்டு விடை தந்ததுதான். முதல் விடையில் படிக்கிறவருக்கு முன்னுரிமை: ரெண்டு செமஃபோர், ஒரு எண்ணிக்கை, முடிஞ்சது. ஆனா படிக்க ஆள் வந்துக்கிட்டே இருந்தா எழுதுறவர் வெளியவே நிக்கணும். ரெண்டாவதில் எழுதுறவருக்கு முன்னுரிமை: அதுக்கு அஞ்சு செமஃபோர் தேவைப்பட்டது. இப்போ படிக்கிறவர் காய வேண்டியதுதான்.

1974ல் ஹோர் ஒரு சமரசம் சொன்னார். எழுத ஒருத்தர் காத்திருந்தா, புதுசா படிக்க வர்றவங்களை நிறுத்து. அவர் எழுதி முடிச்சதும், அதுவரை காத்திருந்த வாசகர்கள் எல்லாரையும் அடுத்த எழுத்தாளருக்கு முன்னாடி உள்ளே விடு.

இதெல்லாம் தெரியாம நான் செஞ்ச காரியத்தைக் கேளுங்க. ஒரு சர்வர்ல விலைப்பட்டியலைப் படிக்க ஏகப்பட்ட த்ரெட். சாதா லாக்கை எடுத்துட்டு ரீட்-ரைட் லாக் போட்டேன். வேகம் எகிறிடுச்சு, எனக்கு ஒரே பாராட்டு. மூணாவது நாள் பாத்தா, காலையில போட்ட புது விலை சாயங்காலம் வரைக்கும் ஏறவே இல்லை. "நான் அப்டேட் போட்டுட்டேன் தம்பி"ன்னு ஆபரேஷன்ஸ் அண்ணன் தலையில அடிச்சு சொன்னார். லாக்ல எரர் எதுவும் இல்லாததால யாரும் நம்பல. மீட்டிங்ல செம டோஸ் அவருக்கு. நானும் வாயைத் தொறக்கல.

ராத்திரி கூட்டம் குறைஞ்சதும் விலை தானா மாறிச்சு. அப்பதான் பொறி தட்டுச்சு. லினக்ஸ்ல நான் பயன்படுத்தின ஜிலிப்சி லைப்ரரியில, நாம ஒண்ணும் சொல்லாம விட்டா படிக்கிறவருக்குத்தான் முன்னுரிமை. அதாவது 1971ன் முதல் விடை. அண்ணனோட அப்டேட் நாள் முழுக்க வாசல்லயே நின்னிருக்கு, ஒரு சத்தமும் போடாம. மறுநாள் எல்லார் முன்னாடியும் தப்பு என்னோடதுன்னு சொன்னேன். "விடு தம்பி, டீ வாங்கிக் குடு"ன்னு முடிச்சிட்டார் அவர்.

2002ல் லினக்ஸ் கெர்னலுக்குள் ஆர்சியூ என்ற முறை வந்தது. படிக்கிறவர் லாக்கே எடுக்க வேண்டாம். எழுதுறவர் ஒரு காப்பி எடுத்துத் திருத்தி, பழசுக்குப் பதிலா அதை மாட்டிவிடுவார். ஆனா பழசைப் படிச்சிட்டு இருக்கிறவங்க எல்லாம் வெளிய வர்ற வரைக்கும் அதை அழிக்க முடியாது. பாருங்க, அங்கேயும் ஒருத்தர் காத்திருக்கத்தான் வேண்டியிருக்கு.

அந்த மூணு பேரும் அன்னிக்கே கேட்டது இதைத்தான். யார் காத்திருக்கணும்னு நாம முடிவு பண்ணலேன்னா, நமக்காக வேற யாரோ ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சிருப்பாங்க.

டிஸ்கி: டீயோட பஜ்ஜியும் வாங்கிக் குடுத்தாச்சு.