வானத்திடம் கேட்கப்பட்ட இருபது கேள்விகள்

அறிவியல் தரவுகளைப் பகிர்வது என்றால் கோப்புகளை இணையத்தில் ஏற்றிவிடுவது என்றே பலரும் கருதுகின்றனர். ஏற்றப்பட்ட கோப்பு எவருடைய கேள்விக்கும் விடை தராமல் கிடக்கக்கூடும். இந்தச் சிக்கலை நேர்முகமாக எதிர்கொண்டவர் அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஜிம் கிரே.

1944இல் பிறந்த கிரே, வங்கிப் பரிமாற்றம் போன்ற பணிகளின் அடித்தளத்தை வகுத்தவர்களுள் ஒருவர். ஒரு கணக்கிலிருந்து கழிந்த பணம் மறு கணக்கில் சேராமல் பாதியில் நின்றுவிடக்கூடாது. ஒன்று முழுமையாக நிகழவேண்டும், அல்லது நிகழாததாகவே ஆகவேண்டும். தரவுத்தளங்களில் இந்த ஒழுங்கை நிலைநாட்டிய ஆய்வுகளுக்காக 1998ஆம் ஆண்டின் டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதன்பின் அவருடைய கவனம் வணிகத்திலிருந்து வானியலுக்குத் திரும்பியது. வானியல் தரவுக்கு வணிக மதிப்பே கிடையாது, ஆகவே அதைப் பகிர்வதற்குத் தடையும் கிடையாது என்று அவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

அன்றைய வானியலில் தடை வேறு வடிவில் இருந்தது. தொலைநோக்கியில் இரவைக் கழித்தவரே அவ்விரவின் தரவுக்கு உரியவர் என்பது நெடுங்கால வழக்கம். ஸ்லோன் வான அளவாய்வு இவ்வழக்கை மாற்ற முனைந்தது. நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்ட்டில் நிறுவப்பட்ட 2.5 மீட்டர் தொலைநோக்கி, வானத்தின் பரந்ததொரு பகுதியை ஐந்து நிறவடிகட்டிகளின் வழியே பதிவு செய்யத் தொடங்கியது. அத்தரவு முறையாகப் பொதுவில் வெளியிடப்படும் என்பது திட்டத்தின் உறுதிமொழி. ஆனால், டெராபைட் கணக்கில் குவியும் தரவை வெளியிட்டால் மட்டும் போதுமா?

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக வானியற்பியலாளர் அலெக்ஸ் சாலேயுடன் இணைந்த கிரே, தரவை எப்படிச் சேமிப்பது என்று தொடங்கவில்லை. வானியலாளர்கள் இத்தரவிடம் கேட்க விரும்பும் இருபது கேள்விகள் எவை என்று கேட்டார். நகரும் பொருள்களுள் சிறுகோளாக இருக்கக்கூடியவை எவை? மிக நெருங்கி அமைந்து ஏறத்தாழ ஒரே நிறங்கொண்ட பொருள்கள் எவை, அதாவது ஈர்ப்பு வில்லையால் இரட்டையாகத் தோன்றக்கூடியவை எவை? இவ்வினாக்களுக்கு விடையளிக்கும் வகையில் தரவுத்தளத்தின் கட்டமைப்பு உருவாயிற்று. ஐந்து கேள்விகள் என்றால் துறையின் தேவை புலப்படாது. நூறு என்றால் எது முதன்மையானது என்பது மறைந்துவிடும். இருபது என்ற எண்ணின் பொருத்தம் அதுவே.

2001 ஜூனில் ஸ்கைசர்வர் தளம் திறக்கப்பட்டது. ஆய்வாளருக்கும் பள்ளி மாணவருக்கும் ஒரே தரவு. மாணவர்களுக்கெனப் பாடங்களும் சேர்க்கப்பட்டன. அடுத்த இடர் தரவின் பருமன். அக்கால இணைய வேகத்தில் பெருந்தரவை அனுப்புவதைவிட, வட்டுகள் நிறைந்த கணினியையே பொதியாக அனுப்புவது மலிவானது என்று கிரேயும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டுக் காட்டினர். அவ்வாறே அனுப்பவும் செய்தனர். தரவை ஆய்வாளரிடம் நகர்த்துவதைவிடக் கணிப்பைத் தரவிடம் நகர்த்துவதே மேல் என்ற அவருடைய கொள்கை இத்தகைய கணக்கிலிருந்தே வலுப்பெற்றது. பின்னர் ஒவ்வொரு பயனருக்கும் சேவையகத்திலேயே தனித் தரவுத்தளம் வழங்கப்பட்டது. ஒருவர் தம் விடைகளை அங்கேயே சேமித்துத் தம் குழுவினருடன் பகிரலாம். மற்றவர் அதன்மீது அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

ஒரு நிலையத்தின் தரவை மற்றொன்றின் தரவுடன் இணைக்கும்போது சிக்கல் சொற்பொருள் சார்ந்ததாகிறது. ஒரு வான்பொருளின் கிழக்கு மேற்கு இருப்பிடத்தை ஒரு பட்டியல் மணிக்கணக்கிலும் மற்றொன்று பாகையிலும் குறிக்கும். எண்கள் இரண்டும் சரி, சேர்த்தால் பிழை. இதற்கான பொது இலக்கணத்தை வகுக்கவே 2002இல் பன்னாட்டு மெய்நிகர் வானாய்வகக் கூட்டமைப்பு உருவாயிற்று. புனேயின் அயூகா ஆய்வு மையமும் பெர்சிஸ்டென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனமும் இணைந்து நடத்திய மெய்நிகர் வானாய்வகத் திட்டம் அதில் இந்தியாவின் பங்கு. அங்கு உருவான விஓபிளாட் என்னும் மென்பொருள் அந்தப் பொது வடிவத்தில் அமைந்த தரவை வரைபடமாக்கியது.

2007 ஜனவரி 28 அன்று, தம் தாயின் அஸ்தியைக் கரைக்கத் தனியே பாய்மரப் படகில் ஃபாரலோன் தீவுகளை நோக்கிச் சென்ற கிரே திரும்பவில்லை. செயற்கைக்கோள் படங்களைத் தன்னார்வலர்கள் இணையத்தின் வழியே பகிர்ந்துகொண்டு துழாவினர், தடயம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில், ஸ்லோன் படங்களிலுள்ள விண்மீன் மண்டலங்களைப் பொதுமக்களே வகைப்படுத்தும் கேலக்ஸி ஸூ திட்டம் தொடங்கிற்று. அதில் நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், எவரும் விளக்கியிராத ஒளிப்பொருள் ஒன்றைக் கண்டார். அருகிலுள்ள மண்டலத்தின் மையம் முன்னொரு காலத்தில் வீசிய ஒளியால் ஒளிரும் வாயுமுகில் அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. தொலைநோக்கி வாய்ப்பு ஏதுமற்ற ஒருவரின் கேள்விக்குத் தரவு இடமளித்தது.

பொதுப்பணத்தில் உருவாகும் தரவைப் பொதுவில் வைக்கும் தேசியக் கொள்கையை இந்தியா 2012இல் அறிவித்தது. கொள்கை கதவைத் திறக்கும். உள்ளே வருபவர் என்ன கேட்பார் என்பதை முன்கூட்டி எண்ணி, ஒவ்வொரு நெடுவரிசையின் பெயரையும் அலகையும் விளக்கி வைப்பது ஆய்வாளரின் பொறுப்பு. ஆய்வேடு முடிந்தபின் செய்யும் எழுத்தர் பணியாக இதைத் தள்ளிவைப்பது நம் வழக்கம். கிரே இதையே ஆய்வின் முதற்படியாக வைத்தார்.