இருபது காசு விளக்கு

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற பேருந்துகள் கண்ணமங்கலத்தில் நின்றுதான் போகின்றன. பௌர்ணமி நாட்களில் நிற்க இடமிருக்காது. ஆனால் வெளியூர்க்காரர்கள் யாரும் அங்கே இறங்குவதில்லை. "இங்க பார்க்க என்ன இருக்கு?" என்ற கேள்விக்கு உள்ளூர்க்காரர்களே "பட்டு, படவேடு, ஜவ்வாது மலை" என்று மூன்று வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் நான் நாலாவதாக ஒன்றைச் சேர்ப்பேன். அது போளூர் பக்கத்துத் திருமலை.

பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு குந்தவையைத் தெரியாதவர்கள் இல்லை. அந்தக் குந்தவையின் பெயரில் ஒரு சமணக் கோயில் திருமலையில் இருக்கிறது: குந்தவை ஜினாலயம். மேலே பாறையில் செதுக்கிய பிரம்மாண்டமான நேமிநாதர் நிற்கிறார். குகையில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. இங்கே வருகிறவர்கள் சிலையையும் ஓவியத்தையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் வங்க வரலாறு எழுதுகிறவர்கள் இந்த மலையைத் தேடுவதற்குக் காரணம் வேறு. ராஜேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1025இல் வெட்டிய கல்வெட்டு ஒன்று இங்கே உண்டு. ஹுல்ட்ஷ் அதை 1890இல் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் பதிப்பித்தார்.

அதில் வனவாசி, ஈழம், ஒட்டர் நாடு, கோசலம் என்று ராஜேந்திரன் வென்ற நாடுகள் வரிசையாக வருகின்றன. மழை ஓயாத வங்காள தேசத்தில் கோவிந்தசந்திரன் ஓடியது வருகிறது. மகிபாலன் தோற்றது வருகிறது. கடைசியில் கங்கை. கடாரம் மட்டும் இல்லை. அந்தப் படையெடுப்புச் செய்தி இன்னும் மெய்க்கீர்த்தியில் ஏறவில்லை.

இவ்வளவும் முன்னுரைதான். ஒரு பத்திரத்தில் மேலே அரசு முத்திரை இருப்பதுபோல. கல்வெட்டு சொல்ல வந்த விஷயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. பெரும்பாணப்பாடியில் இருந்த நன்னப்பயன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்கு எரிய இருபது காசும் திருவமுதுக்குப் பத்துக் காசும் கொடுத்தாள். அவ்வளவுதான் செய்தி. கங்கை வரை போன படையின் கதை, ஒரு செட்டிச்சியின் விளக்குக் கணக்குக்குத் தலைப்பாக நிற்கிறது. அவள் அந்தக் காசைக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்தப் பாறை வெறும் பாறையாகவே இருந்திருக்கும்.

திருமலையின் மற்ற கல்வெட்டுகளும் இப்படித்தான். ராஜராஜனின் 21ஆம் ஆண்டில் குணவீர மாமுனிவன் என்ற துறவி ஒரு கலிங்கு கட்டி, மலையின் இரு பக்கமும் நெல் விளையக் கண்டதாக ஒன்று சொல்கிறது. உடைமை வேண்டாம் என்றவர், ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பிற்பாடு தகடூர் அதியமான் வழியில் வந்த விடுகாதழகிய பெருமாள், தன் முன்னோன் எழினி வைத்த யட்சன், யட்சி சிலைகள் பழுதாகிக் கிடந்ததைச் சீர்செய்து மலையில் வைத்தான். கூடவே ஓர் எறிமணியும் ஒரு கால்வாயும் கொடுத்தான். விளக்கு, கலிங்கு, மணி, கால்வாய். மனிதர்கள் ஓர் இடத்தை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டது இப்படித்தான்.

இனி படவேட்டுக்கு வருவோம். கண்ணமங்கலத்திலிருந்து சந்தவாசல் போய் மேற்கே திரும்பினால் மலையடிவாரம். ஆடி வெள்ளியில் ரேணுகாம்பாள் கோயிலில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் நெல்லும் வாழையும்தான். இது சம்புவராயர்களின் தலைநகரம் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஆயிரத்தெட்டு சிவாலயமும் நூற்றெட்டுப் பெருமாள் கோயிலும் இருந்ததாக ஊரில் சொல்வார்கள். எண்ணிக்கையை விட்டுவிடுவோம். மண்மூடிக் கிடந்து, பிறகு மீட்டுக் கட்டப்பட்ட கோயில்கள் கண்ணெதிரே இருக்கின்றன. யோக ராமர் கோயிலில் ராமன் கையில் வில் இல்லை. கண்மூடி, சின்முத்திரையோடு உட்கார்ந்திருக்கிறான். எதிரே அனுமன் சுவடி படிக்கிறான். தலைநகரம் தொலைந்த ஊருக்கு வில் இல்லாத ராமன் பொருத்தமாகத்தான் இருக்கிறான்.

14ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் சம்புவராயரை வென்றான். அந்தப் போரைப் பாடியது அவன் மனைவி கங்காதேவி, 'மதுரா விஜயம்' என்ற சமஸ்கிருதக் காவியத்தில். தோற்றவர்கள் பக்கத்துக் கதையைச் சொல்ல ஒரு காவியம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 'படைவீட்டு ராஜ்யம்' என்ற பெயர் மட்டும் சாகவில்லை. 1425இல் விரிஞ்சிபுரத்தில் வெட்டிய கல்வெட்டில் அது வருகிறது. எதற்காக? இந்த ராஜ்யத்துப் பிராமணர்கள், தமிழர், தெலுங்கர், கன்னடர் எல்லோரும் கூடி, இனி பெண் கொடுக்கப் பொன் வாங்கக் கூடாது, கன்னிகாதானமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். வாங்குபவனுக்கும் கொடுப்பவனுக்கும் தண்டனை உண்டு. கோட்டை போன பிறகும் ராஜ்யத்தின் பெயர் கல்யாணப் பேச்சில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது.

சுற்றுலாப் பலகைகளுக்கு ராஜாக்கள்தான் பிடிக்கும். இந்த வட்டாரத்தில் ராஜாக்களைக் காப்பாற்றி வைத்திருப்பது மற்றவர்களின் சின்னச் சின்னக் கவலைகள். இதைத்தான் பார்க்க வரச் சொல்கிறேன்.

பட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஆரணி வட்டாரத்தில் ஒரு சேலை ஒருவர் கையால் முடிவதில்லை. தறியில் உட்காருபவர் ஒருவர் என்றால், பாவு நீட்டவும் தார் சுற்றவும் வீட்டில் பெண்களும் வயசானவர்களும் வேண்டும். அது நகரத்துக் கடைக்குப் போகும்போது அட்டைப்பெட்டியில் கடையின் பெயர் இருக்கும். நெய்த ஊரின் பெயர்கூடப் பல சமயம் இருக்காது. தார் சுற்றிய அம்மாவின் பெயருக்கு எங்கே போவது?

காட்பாடி – விழுப்புரம் பாதையில் கண்ணமங்கலம், ஆரணி ரோடு, மதிமங்கலம் என்று ஸ்டேஷன்கள் வரும். மதிமங்கலத்தில் இறங்கினால் திருமலை தூரமில்லை. போகிற வழியில் ஒரு சேலை வாங்கினால், யார் நெய்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் முப்பது காசு கொடுத்த ஒருத்தியின் பெயரை, புருஷன் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் எழுதி வைக்க இந்த ஊர்ப்பக்கத்தில் ஒரு பாறை இருந்தது. இன்றைக்கு நெய்கிறவர்களுக்கு ஒரு சீட்டுத் துண்டாவது இருக்கக் கூடாதா?