இரு தொழிற்சாலைகள், ஐயாயிரம் கார்கள்

ரொறன்ரோவில் வசிக்கும் என் தமையனாரின் மகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்திருந்தான். நலம் விசாரிப்புகள் முடிந்த பின்னர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைக் கேட்டான்.

"சித்தப்பா, புதுக் கார் ஒண்டு எடுக்கப் போறன். போர்ட் மஸ்ராங் எடுக்கிறதோ, கோல்ஃப் ஜி.ரி.ஐ. எடுக்கிறதோ எண்டு யோசனை. அம்மாவுக்கு ரெண்டுமே பிடிக்கேல்லை. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

வாழ்நாளின் பெரும்பகுதியைச் சைக்கிளிலும் பேருந்திலும் கழித்தவனிடம் கேட்கத்தக்க கேள்வி அல்ல இது. ஆயினும் அவன் ஸ்காபரோவிலிருந்து மிசிசாகாவுக்கு 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் நாளாந்தம் வேலைக்குச் சென்று வருபவன். பனிக்காலத்திலும் அதே பாதைதான். மைத்துனியாரின் கவலை எனக்குப் புரிந்தது. கார் ஓட்டத் தெரிந்தவர்கள் குதிரைவலுவைப் பற்றிச் சொல்வார்கள். பத்திரிகையாளன் சொல்லக்கூடியது இவ்விரு வகைக் கார்களும் பிறந்த கதையை மாத்திரமே. அவனுக்குச் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

மஸ்ராங் போன்றவற்றை அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்பர். பெரிய எஞ்சின், நீண்ட முன்பகுதி, பின்சக்கரங்களுக்குச் செல்லும் வலு ஆகியன அதன் இலக்கணம். மஸ்ராங்கைத் தனி இனமாகப் பிரித்து 'போனி கார்' என்று அழைப்போரும் உளர். கோல்ஃப் ஜி.ரி.ஐ. போன்றவற்றுக்குப் பிரித்தானியர்கள் வைத்த பெயர் 'ஹொட் ஹட்ச்'. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சாதாரண குடும்பக் காருக்கு வேகமான எஞ்சினைப் பொருத்தினால் கிடைப்பது அது. பார்வைக்கு இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். ஆனால் பிறப்பில் இரண்டுக்கும் வியப்பூட்டும் ஒற்றுமை உண்டு.

டெற்றோயிட், 1963

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டோர்ஸ் தலைமைப்பீடம் தனது பிரிவுகள் அனைத்தும் காரோட்டப் பந்தயங்களிலிருந்து விலகவேண்டும் என உத்தரவிட்டது. பந்தய வெற்றிகளால் பெயர் பெற்றிருந்த பொன்ரியாக் பிரிவுக்கு இது பேரிடியாக அமைந்தது. அதன் தலைமைப் பொறியியலாளர் ஜோன் டிலோரியனும் சகாக்களும் வேறொரு வழியைக் கண்டனர். பந்தயத் திடலுக்குச் செல்ல முடியாவிடின், பந்தய எஞ்சினின் வலுவை வீதிக்குக் கொண்டுவரலாம் அல்லவா?

அதற்கும் ஒரு தடை இருந்தது. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லீற்றருக்கு, மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தலாகாது என்பது நிறுவன விதி. அவர்கள் பொருத்த விரும்பியதோ 389 கன அங்குல வி-8 எஞ்சின். விதி கார் மாடல்களைப் பற்றியே பேசியது. விருப்பத் தெரிவாக மேலதிகப் பணம் கொடுத்து வாங்கும் பாகங்களைப் பற்றிப் பேசவில்லை. எனவே 1964ஆம் ஆண்டு ரெம்பெஸ்ற் காருக்குச் சுமார் 295 டொலர் பெறுமதியான ஒரு விருப்பத் தொகுதியாக 'ஜி.ரி.ஓ.' அறிமுகமானது. பெயர்கூட இத்தாலியின் பெராரியிடமிருந்து எடுத்ததுதான். 325 குதிரைவலு. ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று கணக்கிட்டனர். முதல் ஆண்டிலேயே 32 ஆயிரத்துக்கும் மேல் விற்பனையாகின.

அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் திகதி நியூயோர்க் உலகக் கண்காட்சியில் போர்ட் நிறுவனம் மஸ்ராங்கை வெளியிட்டது. ஆரம்ப விலை 2,368 டொலர். முதல் நாளிலேயே 22 ஆயிரம் பேர் பதிவு செய்தனர்.

காலமும் இதற்குக் கைகொடுத்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 41 ஆயிரம் மைல் நெடுஞ்சாலை வலையமைப்பு உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு கலன் பெற்றோல் ஏறத்தாழ 30 சதம். போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை சாரதி அனுமதிப்பத்திரம் பெறும் வயதை எட்டியிருந்தது. இதன் பின் ஒரு போட்டியே ஆரம்பமாயிற்று. 1966இல் கிறைஸ்லரின் 7 லீற்றர் 'ஹெமி' எஞ்சின் 425 குதிரைவலுவுடன் வீதிக்கு வந்தது. 1968இல் பிளைமவுத் ரோட் ரன்னர் மூவாயிரம் டொலருக்கும் குறைந்த விலையில் இளைஞர்களை வளைத்துப் பிடித்தது. 1970இல் செவர்லேயின் செவெல் 450 குதிரைவலுவை எட்டியது. அக்காலக் கணக்கு எஞ்சினைத் தனியே கழற்றி வைத்து அளந்த கணக்கு என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும்.

வலு வளர்ந்த வேகத்தில் ஏனையவை வளரவில்லை. ஒன்றரைத் தொன்னுக்கும் அதிக எடை கொண்ட முதலாவது ஜி.ரி.ஓ. நான்கு சக்கரங்களிலும் பழைய 'டிரம்' பிறேக்குகளுடனேயே வந்தது. ரயர்கள் ஒடுங்கியவை. நேர்கோட்டில் பாய்வதற்குத் தயாரிக்கப்பட்ட கார், நிற்பதற்கும் திரும்புவதற்கும் தயாரிக்கப்படவில்லை.

அரபு நாடுகள் 1973 ஒக்டோபரில் விதித்த எண்ணெய்த் தடையே மஸில் காரைக் கொன்றது எனப் பலரும் எழுதுவர். அது முழு உண்மை அல்ல. எண்ணெய் நெருக்கடி வருமுன்னரே நோயாளி படுக்கையில் கிடந்தார். அறுபதுகளின் பிற்பகுதியிலேயே காப்புறுதி நிறுவனங்கள் விபத்துக் கணக்குகளைப் பார்த்து, எடைக்கு மிஞ்சிய வலுவுள்ள கார்களுக்கு, குறிப்பாக இளைஞர்கள் ஓட்டும் கார்களுக்கு, கட்டணத்தை ஏற்றிவிட்டன. கார் வாங்கப் பணம் வைத்திருந்த இளைஞனிடம் காப்புறுதிக்குப் பணம் இருக்கவில்லை. 1970 டிசெம்பரில் தூய காற்றுச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1971 மாடல்களிலேயே ஜெனரல் மோட்டோர்ஸ் தனது எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. அமெரிக்க வீதிகளில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 1972ஆம் ஆண்டு அந்நாட்டின் வீதி வரலாற்றில் மிக மோசமான ஆண்டாகும். அந்த மரணங்கள் எல்லாவற்றுக்கும் மஸில் காரைக் குற்றஞ்சாட்ட முடியாது. ஆயினும் வேகத்தைக் கொண்டாடிய காலம் அத்துடன் முடிவுக்கு வந்தது. 1974 மாடலுடன் ஜி.ரி.ஓ. என்ற பெயர் முப்பது ஆண்டுகளுக்கு மறைந்துபோனது.

வொல்ஸ்பேர்க், 1974

ஐரோப்பாவின் கதை எண்ணெய்த் தட்டுப்பாட்டில் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டு சுயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. அதன் விளைவாக அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த 'மினி' 1959இல் வெளியானது. நீளம் மூன்று மீற்றரைச் சற்றே தாண்டியது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கியதால், அச்சிறு உடலுக்குள் நான்கு பேர் அமர முடிந்தது. பந்தயக் கார் தயாரிப்பாளர் ஜோன் கூப்பர் அதற்கு வலுவூட்டினார். 1964இல் மொன்ரே கார்லோ ரலியில் தம்மைவிடப் பன்மடங்கு வலுவான கார்களை மினி கூப்பர் தோற்கடித்தது. சிறிய காரும் வேகமாக ஓடும் என்பதை உலகம் அப்போது கண்டது.

வொக்ஸ்வாகன் நிறுவனம் 1974இல் வெளியிட்ட கோல்ஃப், இத்தாலியரான ஜோர்ஜெற்றோ ஜுஜாரோ வடிவமைத்த அடக்கமான குடும்பக் கார். அவ்வாண்டிலேயே ஊழியர்கள் சிலர், நிர்வாகத்தின் உத்தரவு எதுவுமின்றி, ஓய்வு நேரத்தில் கூடி அதற்கொரு வேகமான பதிப்பைத் திட்டமிடலாயினர். பொறியியலாளர் அல்பொன்ஸ் லொவன்பேர்க் அதில் முக்கியமானவர். நிறுவனத்தின் பத்திரிகைத் தொடர்புத் தலைவராயிருந்த அன்ரன் கொன்ராட்டும் அக்குழுவில் இருந்தார் என்பது எம்போன்றோருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1975 செப்டெம்பரில் பிராங்பேர்ட் கண்காட்சியில் காட்டப்பட்ட கோல்ஃப் ஜி.ரி.ஐ. 1976இல் விற்பனைக்கு வந்தது. 1.6 லீற்றர், 110 குதிரைவலு, எடை 800 கிலோகிராமுக்குச் சற்று மேல், உச்ச வேகம் மணிக்கு 182 கிலோமீற்றர்.

எத்தனை கார்கள் விற்றால் போதும் என்று நிர்வாகம் எண்ணியது தெரியுமா? அதே ஐயாயிரம். விற்பனையானவை, முதல் தலைமுறையில் மாத்திரம், நான்கு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேல்.

பிரான்ஸின் சிம்கா 1100 ரி.ஐ. இதற்கு முன்னரே 1974இல் வந்துவிட்டது. ரெனோ 5 அல்பின் 1976இலேயே வெளியானது. எனினும் இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது ஜி.ரி.ஐ.தான். அதற்குக் காரணம் எஞ்சின் மட்டுமல்ல. வலுவைக் கூட்டியவர்கள் முன்சக்கரங்களுக்குக் காற்றோட்டமுள்ள 'டிஸ்க்' பிறேக்குகளையும் அகலமான ரயர்களையும் பொருத்தினர். தொங்கமைப்பைத் தாழ்த்தி இறுக்கினர். பெற்றோல் விலை அதிகம், வீதி ஒடுக்கம், வளைவு அதிகம் என்ற மூன்று நிர்ப்பந்தங்களுக்கு இடையே பிறந்த கார் அது. திங்கட்கிழமை வேலைக்கும் சனிக்கிழமை சந்தைக்கும் அதே காரில்தான் போகவேண்டியிருந்தது.

இதனால் ஹொட் ஹட்ச் குற்றமற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 1984இல் வந்த பெஜோ 205 ஜி.ரி.ஐ. பெரும் புகழ் பெற்றது. ஆனால் வளைவின் நடுவே பயந்து காலை எடுத்தால் அதன் பின்பகுதி வழுக்கிச் சுழலும். பிரித்தானியாவில் இக்கார்களைத் திருடி ஓட்டிக் காட்டுவது இளைஞர்களின் கொடிய விளையாட்டாயிற்று. 1991இல் ஒக்ஸ்போர்ட்டின் பிளக்பேர்ட் லீஸ் குடியிருப்பில் இதனால் பொலிசாருக்கும் இளைஞர்களுக்கும் மோதல் மூண்டது. மறு ஆண்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. காப்புறுதிக் கட்டணம் எகிறியது, விற்பனை சரிந்தது. டெற்றோயிட்டில் நடந்தது இருபது ஆண்டுகள் கழித்துப் பிரித்தானியாவில் நடந்தது. திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு 1998 முதல் ஐரோப்பாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமான பின்னரே நிலைமை சீரடைந்தது.

இன்றைய தெரிவு

மஸில் கார் புதிய நூற்றாண்டில் மீண்டெழுந்தது. அதன் மறுபிறப்பு நிகழ்ந்த இடங்கள் ரொறன்ரோத் தமிழருக்கு அயலூர்கள். டொட்ஜ் சலஞ்சர் 2008 முதல் பிரம்ரனில் தயாரானது. செவர்லே கமாரோ 2009 முதல் 2015 வரை ஒஷாவாவில் தயாரானது. எம்மவர் பலர் அவ்வழியே நாளாந்தம் வேலைக்குச் சென்றிருப்பர். சலஞ்சரினதும் கமாரோவினதும் உற்பத்தி 2023 டிசெம்பரில் முடிவுக்கு வந்தது. வி-8 எஞ்சினுடன் மஸ்ராங் நிலைத்திருக்கிறது. மறுபுறம், போர்ட் பியெஸ்ராவின் உற்பத்தி 2023இலும், போக்கஸின் உற்பத்தி 2025இலும் நிறுத்தப்பட்டதால் ஹொட் ஹட்ச் கூட்டமும் மெலிந்துவிட்டது.

புதிய மஸ்ராங் ஜி.ரி. 5 லீற்றர், 480 குதிரைவலு. ஜி.ரி.ஐ. 2 லீற்றர், 241 குதிரைவலு. அமெரிக்க அரசின் கணக்குப்படி நகரினுள் ஒரு கலன் பெற்றோலுக்கு முன்னது சுமார் 15 மைலும் பின்னது சுமார் 24 மைலும் ஓடும். மஸ்ராங் அரை மீற்றர் நீளமானது. அதன் பின்னாசனத்தில் வளர்ந்தவர் நிம்மதியாக அமர முடியாது. பனியில் பின்சக்கர இயக்கம் கவனத்தை வேண்டுவது. எஞ்சினின் பாரம் இயங்கு சக்கரங்களின் மேலேயே இருப்பதால் முன்சக்கர இயக்கம் புறப்படுவதற்கு இலகுவானது. இரண்டுக்கும் பனிக்கால ரயர் அவசியம்.

மஸ்ராங்குக்கும் நியாயம் சொல்லவேண்டும். அதன் இன்றைய பிறேக்குகள் மிகச் சிறந்தவை. பழைய குற்றச்சாட்டு இன்று பொருந்தாது. அந்த எஞ்சின் ஓசைக்கு ஈடாக ஜி.ரி.ஐ.யிடம் எதுவுமில்லை. ஆயினும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம், 2020ஆம் ஆண்டு மாடல்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட அறிக்கையில், சாரதிகள் அதிகம் உயிரிழந்த கார்களின் பட்டியலில் மஸில் கார்கள் முன்வரிசையில் நின்றன. பிறேக்கைத் திருத்தலாம், காரைப் பார்த்ததும் காலில் ஏறும் வேகத்தைத் திருத்த எந்தத் தொழிற்சாலையாலும் முடியவில்லை.

இவ்வளவையும் கேட்ட பிறகு, "அப்ப கோல்ஃப் எண்டு சொல்லுறியள்" என்றான் மகன்.

"நாளாந்தம் ஓட்டுறதெண்டால் கோல்ஃப்தான், தம்பி. ஆனால் நான் சொன்னதுக்காக எடுக்காதை. ரெண்டுக்கும் காப்புறுதி எவ்வளவெண்டு முதலிலை கேள். பிறகு ரெண்டையும் காலைமை நெரிசலிலை 401இலை ஓடிப் பார். அம்மாவைப் பின்சீற்றிலை இருத்திக்கொண்டு ஓடு" என்றேன்.

சிரித்தான். மறுவாரம் மைத்துனியார் அழைத்தார். மகன் இன்னும் முடிவெடுக்கவில்லையாம். மஸ்ராங்கின் பின்னாசனத்தில் ஏறி இறங்கியதில் தமக்கு முழங்கால் பிடித்துவிட்டது என்றார். குரலில் கவலை சற்றுக் குறைந்திருந்தது.