நகரியில் ஒரு ரேங்க், சென்னையில் ஒரு கட்-ஆஃப்

மே, ஜூன் வந்துவிட்டால் நகரியில் தமிழ் பேசும் வீடுகளில் டெலிபோன் மணி ஓயாது. சென்னையிலிருந்து மாமா, "பையனுக்குக் கட்-ஆஃப் எவ்வளவு?" என்று கேட்பார். இங்கே அப்பா ரேங்க்கைச் சொல்வார். இருவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாகவே நினைப்பார்கள். ஆனால் அளவுகோல்கள் வேறு. அவை பிரிந்த சரித்திரத்தை அங்கத்தினர்கள் அறிவது நல்லது.

1953 வரை நகரி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. ஆந்திரம் பிரிந்தபின் 1954ல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் தோன்றியது. 1960ல் பக்கத்துத் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. நகரி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு உறவைப் பிரிக்கவில்லை, பரீட்சையைப் பிரித்துவிட்டது.

தமிழ்நாட்டில் 1984ல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100 என மொத்தம் 300க்குக் கணக்கிட்டார்கள். 2007ல் அத்தேர்வு போயிற்று. இஞ்ஜினீயரிங்குக்குக் கணிதம் 100, பௌதிகம் 50, ரசாயனம் 50 ஆக 200க்குத்தான் இன்றைய கட்-ஆஃப்.

ஆந்திரத்தில் 1986ல் எம்செட் ஆரம்பமாயிற்று. தேர்வுக்கு 75 பங்கு, இண்டர்மீடியட்டுக்கு 25 பங்கு என்பது நெடுநாள் வழக்கம். கொரோனா காலத்தில் நின்ற இந்த 25 பங்கு 2023ல் திரும்பியது. தேர்வின் பெயரும் 2021 முதல் ஈஏபிசெட்.

உதாரணமாக, தேர்வில் 160க்கு 80 வாங்கினால் 75 பங்கில் 37.5. இண்டர்மீடியட்டில் உரிய பாடங்களில் 600க்கு 540 என்றால் 25 பங்கில் 22.5. மொத்தம் 60. இந்த 60ஐ மற்றவர்களோடு வரிசைப்படுத்தினால் கிடைப்பதே ரேங்க். கேள்வித்தாள் கடினமான வருஷத்தில் இதே 60 நல்ல ரேங்க் தரும். சுலபமான வருஷத்தில் பின்னே தள்ளும்.

"பாதி மார்க்தானே" என்று 80ஐப் பார்த்து மனமொடிந்து, கவுன்சலிங்குக்கு முன்பே நன்கொடை கட்டி இடம் வாங்கும் பெற்றோர் உண்டு. ரேங்க்கைப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கலாம். பையனும் தான் தோற்றுவிட்டதாக நினைத்திருக்க மாட்டான்.

இன்னொரு விஷயம். 1974ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி 85 சதவீத இடங்கள் அந்தந்தப் பிராந்தியத்தாருக்கு ஒதுக்கப்பட்டன. சித்தூர், கடப்பா, அனந்தபூர், கர்நூல், நெல்லூர் ஆகியவை ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பிராந்தியம். ஆகவே மாநில ரேங்க்கை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்த்தார்கள்.

மருத்துவத்துக்கு நீட் வந்தபின் குழப்பம் வேறு விதம். பொதுப்பிரிவுக்கு 50 பெர்சென்டைல் தகுதி என்றால் 720க்கு 360 என்று பொருளல்ல. தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேலே நிற்க வேண்டும் என்பதே பொருள். அதற்கான மதிப்பெண் வருஷத்துக்கு வருஷம் மாறும். தகுதி பெற்றதாலேயே இடம் கிடைத்துவிடாது என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே ரிசல்ட் வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, "இது மதிப்பெண்ணா, ரேங்க்கா, பெர்சென்டைலா?" என்பதே. பிறகு விரும்பும் கல்லூரியில், நம் பிராந்தியத்திலும் பிரிவிலும், சென்ற இரண்டு மூன்று வருஷங்களில் கடைசியாக இடம் பெற்ற ரேங்க்கைப் பார்க்கவும். சென்னை உறவினரின் கட்-ஆஃபோடு ஒப்பிட்டுக் குழந்தையைக் கடிந்துகொள்வது, படியால் துணியை அளப்பது போலத்தான்.