கேம்பிறிட்ஜின் கணிதப் பட்டநெறியும் தரவரிசையும்: ஒரு வரலாற்று நோக்கு

பல்கலைக்கழகமொன்றின் கணிதப் பட்டநெறி சிறந்ததா என வினவுவோர் பெரும்பாலும் அதன் பரீட்சைப் பெறுபேறுகளையே முதலில் நோக்குவர். பெறுபேறுகள் மாணவரை அளக்கின்றன. பட்டநெறியை அளக்கும் கோல் வேறாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கியது இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே 'கணித ரைப்பொஸ்' என வழங்கிய சிறப்புப் பட்டப் பரீட்சையின் வரலாற்றை, அதனை மதிப்பிட முயன்றோரின் முயற்சிகளோடு சேர்த்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரைப்பொஸ் என்பது முக்காலியைக் குறிக்கும் சொல். வாய்மொழி வாதங்களின்போது முக்காலியில் அமர்ந்து மாணவரோடு வாதிட்டவரின் ஆசனமே பரீட்சைக்குப் பெயராயிற்று என்பர். முதல் வகுப்பினர் 'றாங்லர்', அதாவது வாதிடுவோர், எனப்பட்டதும் அவ்வழக்கின் எச்சமே. பதினெட்டாம் நூற்றாண்டில் வாய்மொழி வாதம் தேய்ந்து எழுத்துப் பரீட்சை வளர்ந்தது. 1748 முதல் சித்தியெய்தியோரின் பெயர்கள் தரவரிசைப்படி வெளியிடப்பட்டன. முதலிடம் பெற்றவர் 'சீனியர் றாங்லர்' எனப்பட்டார். பிற்காலத்தில் அவர் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது; கடைசி இடத்தவருக்குப் பெரியதொரு மரக்கரண்டி அளிக்கும் வேடிக்கையும் வழக்கிற்கு வந்தது.

இத்தரவரிசைக்கு ஒரு நியாயம் இருந்ததென்பதை மறுத்தல் ஆகாது. குலமும் செல்வாக்கும் பதவிகளைத் தீர்மானித்த சமுதாயத்தில், விடைத்தாள் ஒன்றே பேசக்கூடிய ஓர் இடத்தை அது அமைத்துக் கொடுத்தது. தச்சர் ஒருவரின் மகனான வில்லியம் ஹியூவெல் 1816 இல் இரண்டாம் இடம் பெற்றுப் பின்னர் திரினிற்றிக் கல்லூரியின் தலைவரானார். 1890 இல் பிலிப்பா போசெற் என்னும் பெண் 'சீனியர் றாங்லருக்கு மேல்' என அறிவிக்கப்பட்டார். பெண்களுக்குக் கணித மூளை இல்லை என்றோர்க்கு இதனினும் தெளிவான மறுமொழி வேறொன்று கிடைத்திராது. ஆயினும் பெண்களுக்குப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் 1948 வரை உடன்படவில்லை. யூதரான சில்வெஸ்ரர் 1837 இல் இரண்டாம் இடம் பெற்றும் சமய உறுதியுரையை ஏற்காமையால் பட்டமின்றி வெளியேற நேர்ந்தது. நடுநிலையானது அளவுகோலேயன்றி அதனைக் கையாண்ட நிறுவனமன்று.

பட்டநெறியின் உள்ளடக்கத்தை முதன்முதலில் வன்மையாக மதிப்பிட்டோர் மாணவரே. நியூற்றனின் புகழில் மயங்கிய கேம்பிறிட்ஜ், நுண்கணிதத்தில் அவருடைய புள்ளிக் குறியீட்டையே விடாது பற்றி நின்றது. ஐரோப்பாக் கண்டத்திலோ இலைபினிற்சின் குறியீட்டைக் கைக்கொண்டோர் வெகுதூரம் முன்னேறிவிட்டனர். 1812 இல் பபேஜ், பீகொக், ஹேர்ஷல் முதலிய இளைஞர் 'பகுப்பியற் கழகம்' ஒன்றை நிறுவி, 1816 இல் லக்குறுவா என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூலை ஆங்கிலத்தில் தந்தனர். நூல் மட்டும் போதியதாக இருக்கவில்லை. 1817 இல் பீகொக் பரீட்சகராக நியமனம் பெற்றதும் வினாத்தாளிலேயே புதிய குறியீட்டைப் புகுத்தினார். மாற்றம் வேரூன்றியது அதன் பின்னரே. பாடவிதானத்தைத் திருத்துவதற்கு வினாத்தாளைத் திருத்துவதே வழி என்னும் நிலை, அங்கே எது எதனை ஆண்டது என்பதைக் காட்டுகிறது.

பரீட்சை ஆள்கின்ற இடத்தில் பரீட்சைக்குப் பயிற்றுவோரே உண்மையான ஆசிரியராவர். பேராசிரியர்களின் விரிவுரைகள் வெறுமையுற, மாணவர் கட்டணம் செலுத்தித் தனிப்பயிற்சியாளரிடம் சென்றனர். (நம் நாட்டு மாணவருக்கு இது விளங்காத செய்தியன்று.) வில்லியம் ஹொப்கின்ஸ் 'சீனியர் றாங்லர்களை ஆக்குபவர்' என்றே பெயர் பெற்றார். அவருக்குப் பின்வந்த எட்வேட் றூத் 600 பேருக்கு மேற் பயிற்றினார். அவர்களுள் முதலிடம் பெற்றோர் மட்டும் 25 பேருக்கு மேலாவர். றூத் முதலிடம் பெற்ற 1854 ஆம் ஆண்டுப் பரீட்சை, 8 நாள்களில் 16 வினாத்தாள்கள், 211 வினாக்கள், நாற்பத்து நான்கரை மணித்தியாலங்கள் என அமைந்தது. அவ்வாண்டு இரண்டாம் இடம் பெற்றவர் மின்காந்தவியலின் தந்தை எனத்தகும் மக்ஸ்வெல். கெல்வினும் 1845 இல் இரண்டாமவரே. முதல்வர் யாவரும் வெறும் பயிற்சியின் விளைவுகள் எனக் கூறிவிடவும் இயலாது. ஸ்ரோக்ஸ் 1841 இலும் கேலி 1842 இலும் முதலிடம் பெற்றோராவர். பிரயோக கணிதத்தில் இந்நெறி வலிமை மிக்கதாகவே விளங்கியது.

1869 இல் பிரான்சிஸ் கால்ற்றன் வெளியிட்ட நூலொன்றில் இப்பரீட்சையின் புள்ளிகள் சில காணப்படுகின்றன. மொத்தப் புள்ளிகள் 17,000. ஓராண்டின் முதல்வர் பெற்றவை 7,500 க்குச் சற்று மேல். றாங்லர்களுள் கடைசியானவர் ஏறத்தாழ 1,500. சிறப்புப் பட்டியலின் கடைசியானவர் 300 க்கும் குறைவு. மேதைமை பரம்பரை வழி வருவது என நாட்டவே கால்ற்றன் இவ்வெண்களைக் கையாண்டார். நமக்கோ அவை வேறொன்றை உணர்த்துகின்றன. முதல்வரே பாதிப் புள்ளியை எட்டாத வினாத்தாள், எவர் எதனை அறிந்தார் என்பதைவிட எவர் விரைந்து எழுதினார் என்பதையே பெரிதும் அளந்திருத்தல் வேண்டும். ஹொப்கின்ஸிடம் பயின்ற கால்ற்றன், உடல்நலமும் மனநலமும் குன்றிச் சாதாரணப் பட்டத்துடன் அமைந்தவர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இந்நெறியை உள்ளிருந்தே கண்டித்தவர் ஜி. எச். ஹாடி. 1898 இல் நான்காம் இடம் பெற்ற அவர், பயிற்சிமுறையில் வெறுப்புற்றிருந்தார். லவ் என்னும் ஆசிரியரின் ஆலோசனைப்படி ஜோர்டன் எழுதிய பிரெஞ்சுப் பகுப்பியல் நூலைப் படித்தபோதே கணிதம் யாதென முதன்முறையாக உணர்ந்ததாகப் பின்னர் எழுதினார். பட்டநெறி மீதான மிகக் கடுமையான மதிப்பீடு இதுவே எனலாம்: அதன் உச்சியில் நின்ற மாணவன், தன் துறையை அதற்கு வெளியேயுள்ள நூலொன்றிற் கண்டான். அவரும் ஏனையோரும் போராடியதன் பயனாகத் தரவரிசை 1909 உடன் ஒழிந்தது. அதன் பின் ஒவ்வொரு வகுப்பினுள்ளும் பெயர்கள் அகரவரிசையிலேயே இடம்பெற்றன. ஹாடி அத்துடன் அமையவில்லை. 1926 இல் கணிதச் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையில், ரைப்பொஸ் திருத்தப்படவேண்டியதன்று, ஒழிக்கப்படவேண்டியதே என வாதிட்டார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் பரீட்சைகளிற் சித்தியெய்தாத இராமாநுஜன் 1914 இல் கேம்பிறிட்ஜ் சென்று, ரைப்பொஸ் எழுதாமலே 1916 இல் ஆராய்ச்சியின்வழிப் பட்டம் பெற்றதை அருகிருந்து கண்டவரின் கூற்று இது.

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1921 இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. கற்பித்தவர் ஒரு கரையில், பரீட்சித்தவர் மறுகரையில். அக்கல்லூரியிற் பயின்ற சி. ஜே. எலியேசர், கேம்பிறிட்ஜில் டிராக்கின்கீழ் ஆராய்ந்து திரும்பி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியரானபோது, இங்கு என்ன கற்பிப்பது என்பதை இங்கேயே முடிவுசெய்யும் காலம் வந்திருந்தது.

கேம்பிறிட்ஜிலோ ஹாடியின் விருப்பம் நிறைவேறவில்லை, ரைப்பொஸ் நிலைத்தது. 1909 இற்குப் பின்னரும் பெறுபேறுகளை அகரவரிசையில் வாசிக்கும் பரீட்சகர், முதல்வரின் பெயர் வருகையில் தம் தொப்பியைச் சற்றே உயர்த்தும் வழக்கம் அங்கே தோன்றி நிலவியது.