விலை இல்லாத மெனு கார்டு

மனைவிக்குப் பிறந்தநாள். அல்லது கணவருக்கு. கோயில், கேக், புதுத்துணி எல்லாம் ஆகிவிட்டது. ராத்திரி எங்கேயாவது நல்ல இடமாகப் போய்ச் சாப்பிடலாம் என்று முடிவு செய்கிறீர்கள். நல்ல இடம் என்றால், வழக்கமாகப் போகிற இடம் இல்லை. கதவைத் திறந்துவிட ஓர் ஆள், மேஜைமேல் மெழுகுவர்த்தி, மடியில் விரிக்க வெள்ளைத் துணி, குனிந்து பேசும் சர்வர். வருஷத்துக்கு ஒருநாள்தானே!

போகிறீர்கள். உட்காருகிறீர்கள். ஆளுக்கொரு மெனு கார்டு வருகிறது. நான் பி.காம். படித்தவன். கார்டை விரித்ததும் என் கண் வலதுபக்கம்தான் ஓடும். முதலில் விலை, அப்புறம் பெயர், அதற்கும் அப்புறம்தான் பசி. உங்களில் பலருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒரு கற்பனை. உங்கள் கையில் இருக்கிற கார்டில் விலை இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கார்டில் இல்லை. அச்சுப்பிழையா? இல்லை. வேண்டுமென்றே அப்படி அச்சடித்திருக்கிறார்கள்.

1980-ல் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலீஸுக்குப் பக்கத்தில் உள்ள வெஸ்ட் ஹாலிவுட்டில் இதுதான் நடந்தது. ‘லோரான்ஜெரி’ என்று ஒரு பிரெஞ்சு ரெஸ்டாரண்ட். பணக்காரர்களும் சினிமாக்காரர்களும் வருகிற இடம். ஒரு பெண், தன் தொழில் கூட்டாளியை அங்கே விருந்துக்கு அழைத்துப் போனார். கூட்டாளி ஓர் ஆண். அழைத்தவர் பெண், பில் கட்டப் போகிறவரும் அவரேதான். ஆனால் விலை போட்ட கார்டு ஆண் கைக்குப் போனது. பெண் கைக்கு வந்ததில் பண்டங்களின் பெயர் மட்டும்! இரண்டு பேரும் சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டார்கள். நேராக குளோரியா ஆல்ரெட் என்ற பிரபல பெண் வக்கீலைப் பிடித்து, ஓட்டல் மேல் கேஸ் போட்டுவிட்டார்கள்.

அட, விலை தெரியாமல் சாப்பிட்டால் நிம்மதிதானே, இதற்குப் போய் கோர்ட்டா என்று கேட்கிறீர்களா? பதில் வேண்டுமானால் இருநூறு வருஷத்துக்கும் மேலே பின்னால் போகவேண்டும். பாரிஸ் நகரத்துக்கு.

*

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் வெளியே சாப்பிடுவது என்றால் எப்படி? நம் ஊர்ப் பந்தி மாதிரிதான். சத்திரங்களிலும் சமையல்காரர்களின் கடைகளிலும் ஒரு நீள மேஜை. குறித்த நேரத்துக்குப் போய் உட்கார வேண்டும். பக்கத்தில் யார் இருப்பார், தெரியாது. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. கை நீளமானவனுக்கு நல்ல துண்டு கிடைக்கும். லேட்டாகப் போனால் காலிப் பாத்திரம். ‘இது வேண்டாம், அது கொடு’ என்கிற பேச்சே கிடையாது.

அப்போது ‘ரெஸ்டாரண்ட்’ என்ற வார்த்தை இருந்தது. ஆனால் அது கடையின் பெயர் இல்லை. ஒரு சூப்பின் பெயர்! இறைச்சியை மணிக்கணக்கில் காய்ச்சி, சாரத்தை மட்டும் இறக்கிய கஷாயம் மாதிரியான ஒரு சூப். உடம்பு தேறுவதற்குக் குடிப்பது. ‘தெம்பை மீட்டுத் தருவது’ என்பதுதான் அந்தப் பிரெஞ்சு வார்த்தைக்கு அர்த்தம்.

1760-களின் நடுவில் மாதுரின் ரோஸ் த ஷாந்துவாஸோ என்ற ஆசாமி இந்த சூப்பை விற்க பாரிஸில் ஒரு கடை திறந்தார். சமையல்காரர் என்பதைவிட, எந்நேரமும் புது பிசினஸ் யோசிக்கிற மனிதர் என்று இவரைச் சொல்லலாம். பாரிஸ் வியாபாரிகளின் விலாசங்களைத் தொகுத்து 1769-ல் ஒரு கையேடு போட்டார். அதில் தன் பெயரையும் மறக்காமல் சேர்த்து, ‘முதல் ரெஸ்டாரண்ட்காரர்’ என்று தனக்குத் தானே விளம்பரமும் கொடுத்துக்கொண்டார். பிரான்ஸ் அரசாங்கத்தின் கடனைத் தீர்க்கத் தன்னிடம் ஒரு திட்டம் இருப்பதாக அச்சடித்து வெளியிட, பரிசாக ஜெயில்தான் கிடைத்தது. சூப் திட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

காரணம், அவர் கடைக்கு வருகிறவர்கள் நோயாளிகள், அல்லது நோயாளி என்று நினைத்துக்கொள்கிறவர்கள். நோயாளிக்கு எப்போது பசிக்கும் என்று சொல்ல முடியுமா? அதனால் நேரக் கட்டுப்பாடு இல்லை. நோயாளியை ஊரோடு பந்தியில் உட்காரவைக்க முடியுமா? அதனால் தனித்தனிச் சின்ன மேஜை. ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஆகாது. அதனால், அவரவருக்கு வேண்டியதை அவரவர் கேட்கலாம். கேட்டதற்கு மட்டும் காசு.

பின்னாலேயே வந்தது கார்டு. என்னென்ன இருக்கிறது, எது என்ன விலை என்று எழுதிய காகிதம். சாப்பிடுவதற்கு முன்பே விலை தெரிந்துவிட்டது. என்னைக் கேட்டால், ரெஸ்டாரண்ட் என்கிற கண்டுபிடிப்பில் சூப்பைவிடப் பெரிய சங்கதி இந்தக் காகிதம்தான். பிரபு வந்தாலும் சரி, பலசரக்குக் கடைக்காரர் வந்தாலும் சரி, காகிதத்தில் ஒரே விலை.

(இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பல புத்தகங்களில், 1765-ல் பூலாஞ்சே என்பவர் ஆட்டுக்கால் சமைத்து விற்று, கேஸில் ஜெயித்து, முதல் ரெஸ்டாரண்டை ஆரம்பித்தார் என்று படித்திருப்பீர்கள். ரெபேக்கா ஸ்பாங் என்ற வரலாற்று ஆசிரியர் ஆவணங்களைத் துருவிவிட்டு, அப்படி ஒரு கேஸுக்கு ஆதாரமே இல்லை என்று 2000-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார்.)

*

சூப் கடை சீக்கிரமே சாப்பாட்டுக் கடையாகிவிட்டது. 1780-களில் அந்த்வான் போவிலியே என்பவர் பாரிஸில் ஒரு ரெஸ்டாரண்ட் திறந்தார். ராஜாவின் தம்பி வீட்டில் வேலை பார்த்தவர். நல்ல மேஜை விரிப்பு, உயர்ந்த ஒயின், பழகிய சர்வர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக இடுப்பில் வாளோடு மேஜை மேஜையாக வந்து உபசரிக்கும் முதலாளி! இன்றைக்கு நாம் ‘படா ஓட்டல்’ என்கிறோமே, அதற்கு அடித்தளம் போட்டவர் இவர்தான். ‘இதைத் தொடாதீர்கள், அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள், இந்த ஒயின் பிரமாதம்’ என்று விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி கவனிப்பாராம். உபசாரமெல்லாம் பில் வருகிறவரைதான். பில்லைப் பார்த்ததும்தான், வந்தது விருந்துக்கு அல்ல, ஓட்டலுக்கு என்பது உறைக்கும். இதை 1825-ல் எழுதிவைத்தவர் பிரியா-சவரன் என்ற நீதிபதி. நீதிபதிக்கே வயிறு கலங்கியிருக்கிறது!

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி. பிரபுக்கள் பலர் நாட்டைவிட்டே ஓடினார்கள். அவர்களிடம் வேலை பார்த்த சமையல்காரர்கள் சிலர் பாரிஸில் சொந்தமாக ரெஸ்டாரண்ட் திறந்தார்கள். அரண்மனைச் சாப்பாடு காசுக்குக் கிடைக்க ஆரம்பித்தது. எந்தக் கடை நல்ல கடை? இதைச் சொல்லவும் ஆள் வந்தார். 1803-ல் கிரிமோ த லா ரேனியேர் என்பவர் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஒரு வருடாந்தரக் கையேடு வெளியிட்டார். வியாபாரிகள் பண்டங்களை அனுப்பவேண்டும். இவரும் இவர் நண்பர்களும் உட்கார்ந்து ருசித்துத் தீர்ப்பு எழுதுவார்கள். ஓசிச் சாப்பாட்டுக்கு ஓர் அருமையான ஏற்பாடு என்று எதிரிகள் முணுமுணுத்ததில் ஆச்சரியம் என்ன? 1812-ல் கையேடு நின்றுபோனது.

*

சரி, பெண்கள் எங்கே?

பாரிஸில் இருந்தார்கள். கணவனோடு, சிநேகிதர்களோடு ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்து வாய்பிளந்து, ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் ஊரில் மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண் பொது இடத்தில் சாப்பிடமாட்டாள்!

நியூயார்க்கில் 1868 ஏப்ரல் 18-ம் தேதி, டெல்மோனிகோஸ் ரெஸ்டாரண்டில் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸுக்குப் பத்திரிகையாளர்கள் விருந்து வைத்தார்கள். ஜேன் கன்னிங்ஹாம் க்ரோலி என்ற பெண் பத்திரிகையாளர் டிக்கெட் கேட்டார். ஆண்கள் மதிக்கவில்லை. ‘நீங்கள் என்ன கொடுப்பது’ என்று அவர் பெண்களுக்காகவே ‘சொரோசிஸ்’ என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். ஏப்ரல் 20, அதாவது இரண்டே நாளில், அதே டெல்மோனிகோஸில், ஆண் துணை இல்லாமல் பெண்கள் மட்டும் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். அந்தக் காலத்துக்கு அது பெரிய புரட்சி.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 1907-ல் அதே நியூயார்க்கில், ஹாஃப்மன் ஹவுஸ் ஓட்டலுக்கு இரண்டு பெண்கள் சாயங்காலம் போனார்கள். கூட ஆண் இல்லை, அதனால் சாப்பாடும் இல்லை. இருவரில் ஒருவர், பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிய ஹாரியட் ஸ்டான்டன் பிளாட்ச். கோர்ட்டுக்குப் போனார், தோற்றார்.

லண்டனில் வேறு மாதிரி. 1889-ல் திறந்த சவாய் ஓட்டலை நடத்த சீசர் ரிட்ஸ் வந்தார். சமையலுக்கு எஸ்கோஃபியே. மேல்தட்டுப் பெண்களைச் சாப்பாட்டு அறைக்கு வரவழைத்தால்தான் ஆண்கள் தாராளமாகச் செலவழிப்பார்கள் என்பது ரிட்ஸின் கணக்கு. பாடகி நெல்லி மெல்பாவின் பெயரில் ‘பீச் மெல்பா’ என்ற இனிப்பே பிறந்தது. பின்னால் 1898-ல் பாரிஸில் சொந்த ஓட்டல் கட்டியபோது, ரிட்ஸ் தன் மனைவியை உட்காரவைத்து, விளக்குக்கு விதவிதமான நிறத்தில் துணி போர்த்திப் பார்த்தார். எந்த வெளிச்சத்தில் பெண் முகம் அழகாகத் தெரியும் என்ற சோதனை!

கவனித்தீர்களா? பெண் உள்ளே வந்துவிட்டாள். மரியாதையாக, அழகாக உட்காரவைத்தாயிற்று. ஆனால் அவள் வாடிக்கையாளர் இல்லை. வாடிக்கையாளர் அழைத்து வந்த விருந்தாளி. விருந்தாளிக்கு விலை எதற்கு? ‘லேடீஸ் மெனு’ என்று பெரிய ரெஸ்டாரண்டுகள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டில் ஓடிய வழக்கத்துக்குப் பின்னால் இருந்த நினைப்பு இதுதான்.

இத்தனைக்கும் சமையலறையில் கதை வேறு. 1900-ல் டயர் கம்பெனியான மிஷலின், கார் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாக ஒரு கையேடு போட்டது. நிறைய ஊர் சுற்றினால்தானே டயர் தேயும்! 1926-ல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள், பிறகு அது மூன்று நட்சத்திரம்வரை வளர்ந்தது. 1933-ல் ஒரே சமயத்தில் இரண்டு ரெஸ்டாரண்டுகளுக்கு மும்மூன்று நட்சத்திரம் வாங்கி சாதனை படைத்தவர் யார் தெரியுமா? லியோன் நகரத்து யூஜெனி பிராசியே. சின்ன வயதில் தாயை இழந்து, பண்ணையில் வேலை செய்து வளர்ந்த பெண்மணி!

*

1980 கேஸுக்கு வருவோம். சாப்பிடுகிறவர் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே விலையைச் சொல்லிவிடுவதுதான் ரெஸ்டாரண்ட் கொண்டுவந்த புதுமை. அதை ஒருவரிடமிருந்து மட்டும், பெண் என்பதற்காகவே, திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது விலையில்லாத கார்டு. அதனால்தான் கோர்ட். கடைசியில் ஓட்டல்காரர்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள், கேஸும் வாபஸானது. 2019-ல் தென்னமெரிக்காவில், பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் உள்ள ‘லா ரோசா நாவுடிகா’ ரெஸ்டாரண்ட் இதையே செய்துகொண்டிருந்தது. நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு 2,10,000 சோல் அபராதம் போட்டது. அப்போதைய மதிப்பில் சுமார் 62,000 டாலர். செலவைப் பற்றி யோசிக்காமல் பெண்கள் துணையோடு இனிமையாகப் பொழுதைக் கழிக்கட்டும் என்றுதான் செய்தோம் என்றது ஓட்டல்.

அந்த வாதத்தை என்னால் முழுசாகத் தள்ளிவிட முடியவில்லை. காரணம் இருக்கிறது. சில வருஷம் முன்னால் என் மனைவியின் பிறந்தநாளுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். கார்டு வந்தது. விலையோடுதான். வலதுபக்கம் பார்த்தாள். பார்த்ததும் முகம் மாறியது. “எனக்குப் பசியே இல்லைங்க. ஒரு சூப் மட்டும் போதும்.” எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு பேரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். விலை இல்லாத கார்டைக் கொடுத்திருந்தால் நன்றாகச் சாப்பிட்டிருப்பாளே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அவளிடமே கேட்டேன். நம்பமாட்டீர்கள், அதே ஓட்டலைத்தான் சொன்னாள். “போன தடவை விலை ஜாஸ்தின்னு இல்லை. வீட்டுப் பணம், ஒரு வார்த்தை கேட்கலையேன்னுதான். இந்தத் தடவை முதல்லயே விலையைப் பார்த்துடலாம். எவ்வளவுன்னு நான் சொல்றேன்.” சொன்னாள். நான் நினைத்திருந்ததைவிடக் கூடவே சொன்னாள்!

பிரான்ஸில் இன்று ரெஸ்டாரண்ட் வாசலிலேயே மெனுவும் விலையும் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். உள்ளே போவதற்கு முன்பே இரண்டு பேரும் நின்று படித்துவிடலாம். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள். நட்சத்திரம், மெழுகுவர்த்தி எல்லாம் அப்புறம். முதலில் பிறந்தநாள்காரரோடு உட்கார்ந்து விலைப்பட்டியலைப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது பிறந்தநாள் நன்றாகவே நடந்தது. சூப்பைத் தவிர எல்லாம் வாங்கிச் சாப்பிட்டாள்.